சீர்த்தட்டில் வந்த மஞ்சள் ரொட்டி

எங்கள் பக்கத்தில் ஒருவர் ரொட்டிப் பொட்டலத்தோடு நடந்துபோனால், எதிரே வருபவர் "வீட்டுல யாருக்கு முடியல?" என்றுதான் கேட்பார். காய்ச்சல்காரருக்கு ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொடுப்பார்கள். காய்ச்சல் இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, ரசஞ்சோறு சாப்பிட்ட அன்றைக்கு மிச்சமிருக்கும் ரொட்டி மாட்டுத்தொட்டிக்குப் போய்விடும். நல்ல உடம்போடு இருக்கிறவர் யாரும் அதைத் தொடமாட்டார். தொட்டால் காய்ச்சல் வாசம் பிடித்துக்கொண்டு வீடு தேடி வரும் என்பார்கள்.

என் தாய்மாமா மதுரையில் ரொட்டிக்கடை வைத்திருந்தார்.

சோழவந்தான் பக்கத்தில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிற குடும்பம் எங்களுடையது. அம்மாவின் அண்ணனான மாமாவும் மண்வெட்டி பிடிக்கப் பிறந்தவர்தான். இளவயதில் வீட்டில் கோபித்துக்கொண்டு கொடைக்கானல் மலையேறிப் போய், ஒரு துரை பங்களாவில் பாத்திரம் கழுவினார். அங்கே சமையல்காரர் ரொட்டி சுடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டு கீழே இறங்கினார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அருகே ஒரு சந்தில் இடம் பிடித்தார். முன்னால் கடை, பின்னால் செங்கல்லால் கூடு கட்டிய அடுப்பு, அதற்கும் பின்னால் வீடு.

"மச்சான், உங்க யாவாரம் நடக்கணும்னா ஊரே படுக்கணுமே" என்று என் அப்பா அவரைக் கேலி செய்வார்.

"ஏன் மாப்ள, உங்க வெத்தலைக்குக் கல்யாணம் வரணும், என் ரொட்டிக்குக் காய்ச்ச வரணும். ரெண்டும் வருசந் தப்பாம வருதுல்ல?" என்பார் மாமா.

சிரிப்பார்தான். ஆனால் அந்தப் பேச்சு அவருக்குள் தைத்துக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும். எட்டு வயதிலிருந்து நான் அவர் வீட்டில்தான் வளர்ந்தேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு மேல் பெண்பிள்ளைகள் யாரும் போனதில்லை. அவர்தான் வந்து, "இவ என்கூட வரட்டும், அங்கன படிக்கட்டும்" என்று என்னை ரயிலேற்றிக் கூட்டிப் போனார். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் ஆணோ பெண்ணோ எவரும் கையெழுத்துப் போட்டதில்லை. எல்லாருக்கும் கட்டைவிரல்தான். இதைப் பெருமைக்காகவே சொல்கிறேன்.

மாமாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தினமும் காலையில் கடை திறந்ததும் வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, முதல் ரொட்டியில் ஒரு துண்டு வெட்டி, போகிறவர் வருகிறவர் பார்க்கத் தின்பார். மெதுவாகத் தின்பார். யாராவது நின்று பார்த்தால், "எனக்கென்ன காய்ச்சலா அடிக்குது? தொட்டுப் பாருங்கண்ணே" என்று நெற்றியைக் காட்டுவார். தொட்டவர்கள் உண்டு. வாங்கித் தின்றவர்கள் இல்லை.

நானும் தின்றதில்லை. அந்த வீட்டில் ஐந்து வருஷம் இருந்தேன். காலையில் எனக்கு அத்தை பழைய சோறு போடுவார், இல்லாவிட்டால் இட்டலி வாங்கித் தருவார். ஒரே ஒரு முறை, டைபாய்டு வந்து கிடந்தபோது, மாமா ரொட்டியைப் பிய்த்துப் பாலில் நனைத்து ஊட்டினார். அது கணக்கில் வராது.

மாவைப் புளிக்கவைக்க அவர் பனங்கள் ஊற்றுவார். அதிகாலையில் இறக்கிய கள் ஒரு கலயம் தினமும் வரும். அந்தப் புளிப்பு வாசம் வீட்டுச் சுவரில், பாயில், என் தலைமுடியில் எல்லாம் ஏறியிருந்தது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளிப் போவாள். "சீக்கு ரொட்டி வருதுடி, தள்ளு, ஒட்டிக்கிரும்" என்பார்கள். நான் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிறவள். கணக்கில் என்னை யாரும் முந்தியதில்லை. இருந்தும் என் பெயர் சீக்கு ரொட்டி. வாரம் இரண்டு முறை சீயக்காய் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். வாசம் போகவில்லை.

பதிமூன்று வயதில் நான் பெரியவளானேன். ஊருக்கு அழைத்து வந்து, சடங்குக்கு நாள் குறித்தார்கள்.

தாய்மாமன் சீர் வருகிற நேரம் எங்கள் தெருவில் எல்லாப் பெண்களும் கூடிவிடுவார்கள். எத்தனை தட்டு, எதில் என்ன என்று கண்ணாலேயே எண்ணுவார்கள். மாமா குறை வைக்கவில்லை. சேலைத் தட்டு, வளையல் தட்டு, தேங்காய், வாழைத்தார், வெல்லம், பூ எல்லாம் மேளத்தோடு வந்தன. கடைசித் தட்டை மாமாவே தலையில் வைத்துக்கொண்டு வந்தார். அது புது மஞ்சள் துணியால் மூடியிருந்தது. என் முன்னால் இறக்கி வைத்துத் துணியை எடுத்தார்.

உள்ளே ரொட்டி. கடையில் விற்கிற வெள்ளை ரொட்டி இல்லை. தாம்பாளம் அகலத்துக்கு வட்டமாக, மஞ்சள் நிறத்தில், மேலே முந்திரிப்பருப்பைப் பூப்போலப் பதித்து, நெய் மினுங்க இருந்தது. ஏலக்காய் மணம் வந்தது. அதற்கு அடியில், எனக்கு மட்டும் தெரிந்த அந்தக் கள்ளின் புளிப்பும் வந்தது.

மேளம் அடித்துக்கொண்டிருந்தவன்கூட நிறுத்திவிட்டான்.

"என்னாப்பா இது?" என்றாள் முன்வரிசையில் இருந்த ஒரு கிழவி. "சமஞ்ச புள்ளைக்குச் சீக்காளி சோத்தையா தூக்கிட்டு வந்துருக்க?"

"இது அந்த ரொட்டி இல்ல ஆத்தா. சீனி, நெய்யி, முட்ட எல்லாம் போட்டது. மஞ்சகூடப் போட்டுருக்கேன். மஞ்ச போட்டா மங்கலந்தானே?"

"பாடைக்கும்தாய்யா மஞ்சத் தண்ணி தெளிக்கிறோம்!"

பெண்கள் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். பிறகு ரொட்டியின் ஓரத்தில் ஒரு துண்டு பிய்த்து, தாய்மாமன் முறைக்கு ஊட்டுகிறபடி, என் வாய்க்கு நேரே நீட்டினார்.

"ஆ காட்டுத்தா. நம்ம கடை ரொட்டிய நல்ல நாள்ல முதமுத நீ தின்னு."

அவருடைய விரல்கள் என் உதட்டுக்கு ஓரங்குலத்தில் இருந்தன. கட்டைவிரலும் இரண்டு விரல்களும். நகத்தில் மாவு காய்ந்து வெள்ளையாக இருந்தது. தெருவே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஐந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் கேட்ட பெயர் அத்தனையும் அந்தத் துண்டில் இருப்பதாக எனக்குத் தோன்றியது. இன்றைக்கு ஒரு நாளாவது அது என்மேல் படக்கூடாது என்று நினைத்தேன். வாயை இறுக்கி மூடி, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் அந்த விரல்கள் அப்படியே நின்றன.

"சரித்தா. மாமன் தின்னுக்கிறேன்" என்று சொல்லி அந்தத் துண்டை எல்லார் முன்னாலும் அவரே வாயில் போட்டுக்கொண்டார். நன்றாக மென்று தின்றார். திரும்பிப் போகும்போது அந்தத் தட்டை மட்டும் மூடி எடுத்துப் போனார். சீரில் வந்த தட்டுத் திரும்பிப் போவது எங்கள் தெருவில் அதற்கு முன் நடந்ததில்லை.

இருபத்து மூன்றாம் நாள் மாமா செத்துப்போனார். காய்ச்சல். மலேரியாக் காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்றார் டாக்டர். ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. அந்த வருஷம் அந்தச் சந்தில் மட்டும் நாலு பேர் போனார்கள். ஆனால் எங்கள் ஊரில் யாரும் மற்ற மூன்று பேரைப் பற்றிப் பேசவில்லை. தினமும் ரொட்டியைத் தின்று காய்ச்சலைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், ஒருநாள் வந்துவிட்டது என்றார்கள்.

சாவு வீட்டில் துட்டி முடிந்து திரும்பிய அன்று அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவில் சொன்னாள்:

"நல்லவேளைக்கு நீ வாயத் தொறக்கலடி. தின்னுருந்தா உனக்கு வந்துருக்கும். உனக்கு வர வேண்டியத எங்கண்ணே வாங்கிக்கிட்டான்."

அம்மா அதை எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு எனக்கு நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சாப்பிட வாயைத் திறக்கும்போது, எல்லா நாளும் இல்லை, சில நாள், என் கைக்கும் வாய்க்கும் நடுவில் இன்னொரு கை இருக்கும். மாவு காய்ந்த நகம் தெரியும். நான் காத்திருப்பேன். அது நகராது. கவளத்தைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிப்பேன். "ஏன்டி கொறிக்கிற?" என்பாள் அம்மா. ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன்.

அத்தை கடையை மூடவில்லை. பிள்ளை இல்லாதவர். மாவு பிசைவதும் அடுப்பு பார்ப்பதும் அவருக்கு மாமா அளவுக்கே தெரியும். என்னையும் விடவில்லை. "அவரு படிக்கவைக்கிறேன்னு சொன்னாரு. படிச்சு முடி" என்று என்னைத் திரும்பக் கூட்டிப்போனார். அந்த வீட்டிலேயே இருந்து படித்து, ஆசிரியைப் பயிற்சியும் முடித்தேன். அத்தனை வருஷத்தில் அந்தத் தட்டைப் பற்றி அத்தை ஒரு சொல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் தட்டு பரணில் கவிழ்ந்து கிடந்தது. நான் தினமும் பார்ப்பேன்.

இருபது வயதில் சோழவந்தானிலேயே எனக்கு ஆரம்பப் பள்ளியில் வேலை கிடைத்தது. அம்மா வீட்டிலிருந்து நடந்து போய்வந்தேன். வருஷா வருஷம் மாமா செத்த நாளுக்கு அப்பா, அம்மா, தம்பி மூன்று பேரும் காலை ரயிலில் மதுரைக்கு வருவார்கள். அத்தை இலை விரித்து மாமாவுக்குப் படைப்பார். கறிக்குழம்பு, அவித்த முட்டை, பணியாரம், சுருட்டு, கலயத்தில் கொஞ்சம் கள். எல்லாம் இருக்கும். ரொட்டி மட்டும் இருக்காது. அம்மா முதல் வருஷமே சொல்லிவிட்டாள், அது இலையில் வரக்கூடாது என்று. பக்கத்து அறையில் ரொட்டி வெந்துகொண்டிருக்கும். அதைச் சுட்டே வாழ்ந்தவருக்கு அதில் ஒரு விள்ளல் கிடையாது.

வேலைக்குச் சேர்ந்த வருஷம் நான் பிள்ளைகளுக்குச் சுகாதாரப் பாடம் நடத்தினேன். மலேரியா எப்படி வருகிறது, எந்தக் கொசு கொண்டுவருகிறது, எங்கே முட்டை இடுகிறது என்று பலகையில் படம் போட்டேன். நாற்பது பிள்ளைகள் ஒரே குரலில் "கொசுவினால் வருகிறது" என்றார்கள். அன்று வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தேன். அந்த விரல்கள் வந்தன. பாடம் நடத்தியவளுக்கே பாடம் பிடிபடவில்லை என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அப்போதுதான் முடிவு செய்தேன். அந்த மஞ்சள் ரொட்டியை நான் சுட வேண்டும். மாமாவின் இலையில் வைக்க வேண்டும். நல்ல உடம்போடு என் குடும்பம் அதைத் தின்ன வேண்டும். மாமாவை அவர் ரொட்டி கொல்லவில்லை என்று அவர்கள் வாயாலேயே தெரிய வேண்டும்.

திதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே மதுரைக்குப் போய் அத்தையிடம் கேட்டேன்.

அவர் மாவு சலித்துக்கொண்டிருந்தார். யுத்த காலம். நல்ல மைதா கிடைப்பது பெரும்பாடு. வந்ததையும் இரண்டு தடவை சலித்தால்தான் புழு போகும். சல்லடையை நிறுத்தாமலே சொன்னார்: "அன்னைக்கு வாயத் தொறக்காதவளுக்கு இன்னைக்கு என்ன ருசி வேண்டிக் கெடக்கு, வாத்தியாரம்மாவுக்கு?"

நான் முறத்தை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மூணு தடவ சுட்டாரு, தெரியுமா? மொதத் தடவ மஞ்ச கூடிப்போயி கசந்துருச்சு. ரெண்டாந் தடவ அடி கருகிப் போச்சு. மூணாவதுக்குத் தூங்கவே இல்ல மனுசன். 'இத எம்மருமக தின்னுட்டா ஊரே திங்கும்டி'ன்னாரு." சல்லடையைத் தட்டினார். "தட்ட எறக்கு. பரண்ல கெடக்கு."

அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். மைதா அரை வீசை. காலைப் பனங்கள் ஒரு உழக்கு, துணியில் வடிகட்டியது. கெட்டித் தேங்காய்ப்பால் அரை உழக்கு. முட்டை ஆறு, மஞ்சள்கரு மட்டும். சீனி கால் வீசை. நெய் ஒரு ஆழாக்கு. ஏலக்காய் பத்து. மஞ்சள்தூள் இரண்டு விரலால் எடுக்கிற அளவு; "மூணாவது வெரலு பட்டா கசந்துரும்" என்றார். கள்ளையும் மாவையும் முதலில் கலந்து, மூடி, ஒரு பொழுது வைக்க வேண்டும். பொங்கி, விரலால் அமுக்கினால் குழி மெல்ல எழும்பி வர வேண்டும். அதற்குப் பிறகுதான் நெய். முன்னாலேயே நெய் ஊற்றினால் மாவு எழும்பாது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் காகிதத்தில் ஏறிய சமையல் அதுதான்.

திதியன்று அம்மா வந்து இலையைப் பார்த்தாள்.

"என்னாடி இது?"

"மாமா சீர்ல கொண்டாந்த ரொட்டிம்மா."

"அவனக் கொன்னதையே அவனுக்குப் படைக்கிறியா?"

"மாமாவக் கொன்னது காய்ச்ச. காய்ச்சலக் கொண்டாந்தது கொசு."

"கொசு எங்கண்ண ஒருத்தனத்தான் கடிச்சுச்சா? உன் அத்தையக் கடிக்கல? என்னையக் கடிக்கல? பள்ளிக்கூடத்துல சொல்லு இதெல்லாம்."

அத்தை சூடம் காட்டினார். கும்பிட்டு முடித்ததும் நான் ரொட்டியை வெட்டி, முதல் துண்டை எடுத்து எல்லார் முன்னாலும் தின்றேன். முந்திரியின் ருசியோ நெய்யின் ருசியோ எனக்குத் தெரியவில்லை. விழுங்கியாக வேண்டும் என்று மட்டும் தெரிந்தது. அத்தையும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டார். தம்பி கையை நீட்டினான். அம்மா அந்தக் கையில் ஒரு அடி வைத்தாள். அப்பா சங்கடப்பட்டு ஒரு துண்டை வாங்கி, "பெறகு தின்னுக்கிறேம்மா" என்று தோள்துண்டில் முடிந்துகொண்டார். திரும்பும் வழியில் வைகைப் பாலத்தின்மேல் ரயில் போகும்போது அவர் துண்டின் முடிச்சை அவிழ்த்து உதறியதைப் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து அம்மா என்னைக் கவனிக்கத் தொடங்கினாள். தலைவாரும் சாக்கில் நெற்றியைத் தொடுவாள். தட்டு வைக்கும் சாக்கில் கையைத் தொடுவாள். வாய் திறந்து ஒன்றும் கேட்கமாட்டாள். ஒரு வாரம் போயிற்று. பத்து நாள் போயிற்று. எனக்குள் கர்வம் ஏறிக்கொண்டே வந்தது.

பதினோராம் நாள் மத்தியானம் வகுப்பில் நின்றுகொண்டிருந்தபோது முதுகுத்தண்டில் குளிர் ஏறியது. பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். "டீச்சர், எழுத்து ஆடுது டீச்சர்" என்றது ஒரு பிள்ளை. வகுப்பை மரத்தடிக்கு மாற்றி, வெயிலில் போய் உட்கார்ந்தேன். பல் கிட்டியது. பிறகு அனலாய்க் காய்ந்தது.

கொசு கடித்துப் பத்துப் பதினைந்து நாளில் காய்ச்சல் வரும் என்று என் புத்தகத்தில் போட்டிருந்தது. ரொட்டி தின்றும் பதினோரு நாள் ஆகியிருந்தது. இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் வந்து நின்றன.

ஐப்பசியில் கொடிக்கால் வரப்பெல்லாம் தண்ணீர் தேங்கி நிற்கும். எங்கள் தெருவில் அப்போது வீட்டுக்கு ஒருவர் படுத்துக் கிடந்தார்கள். அவர்கள் யாரும் ரொட்டி தின்றவர்கள் இல்லை. அதையெல்லாம் அம்மாவிடம் சொல்லலாம். அவள் கேட்கமாட்டாள். எனக்குக் காய்ச்சல் என்று தெரிந்த நிமிஷம் மாமாவின் கதை என்றைக்குமாக முடிந்துவிடும். 'நான் சொன்னேன்ல' என்பாள். அதை அவள் பேத்திகளுக்கும் சொல்வாள்.

அதனால் மறைத்தேன். சாயங்காலம் காய்ச்சல் வடிகிற வரைக்கும் பள்ளியிலேயே நோட்டுத் திருத்துவதாக உட்கார்ந்திருந்து, வாய்க்காலில் முகம் கைகால் கழுவி, ஈரக் கையோடு வீட்டுக்குள் போனேன். அம்மா தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். மறுநாள் காய்ச்சல் இல்லை. அதற்கடுத்த நாள் அதே நேரத்துக்கு வந்தது. இனி மறைக்க முடியாது என்று தெரிந்ததும் அத்தைக்கு ஒரு கார்டு எழுதினேன். அத்தைக்கு வாசிக்கத் தெரியாது. ஆஸ்பத்திரி கம்பவுண்டர் ஒருவர், கடைக்கு வாடிக்கை, அவர்தான் படித்துக் காட்டுவார். என் நிலைமையை எழுதி, "அம்மாவுக்குத் தெரியாமல் என்னைக் கூட்டிப் போங்கள்" என்று முடித்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் அத்தை ஒரு காலை இழுத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"என்னா மதினி, கால்ல?" என்று அம்மா பதறினாள்.

"சுளுக்கிக்கிருச்சும்மா. கடையில ஒத்த ஆளா நிக்க முடியல. நாலு நாளைக்கு இவள அனுப்பி வையி."

"காய்ச்ச கீய்ச்ச இல்லையே?"

"காய்ச்சலா? எனக்கா? தொட்டுப் பாரு."

அம்மா தொட்டுப் பார்த்தாள். அத்தையும் அந்த ரொட்டியைத் தின்றவர் அல்லவா? அதனால்தான் காய்ச்சல் என்று சொல்லாமல் சுளுக்கு என்றிருக்கிறார். நான் எழுதாமலே அவருக்கு அது தெரிந்திருந்தது.

ஸ்டேஷன் வரை என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டிவந்தார். உண்மையில் அவர்தான் என்னைத் தாங்கிக்கொண்டிருந்தார். பாதி வழியில் கால் மாறிவிட்டது. வலதை இழுத்தவர் இடதை இழுக்க ஆரம்பித்தார். மூட்டை தூக்கிவந்த தம்பி, "அத்தே, எந்தக் காலு?" என்றான்.

"இந்தக் காலு நோவுது, அந்தக் காலு ஏன் நோகலன்னு பாத்துக்கிட்டு இருந்துச்சுடா. அதுக்கும் வந்துருச்சு. மூட்டையத் தூக்கு."

ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் என் தலையை மடியில் சாய்த்துக்கொண்டார். சமயநல்லூர் வருவதற்குள் எனக்கு நினைவு தப்பிவிட்டது.

அடுப்புக்குப் பின்னால் இருக்கிற அறையில் நாலு நாள் கிடந்தேன். மாமா கிடந்த அதே இடம். மலேரியாவுக்குக் கொடுக்கிற கொயினா யுத்தத்தால் கிடைக்காத காலம். கம்பவுண்டர் எப்படியோ பத்து மாத்திரை கொண்டுவந்து கொடுத்தார். காதுக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அத்தை உப்பில்லாத வெள்ளை ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டினார். வாயருகே வந்த கை யாருடையது என்று சில வேளை எனக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்தேன். அந்த நாலு நாளும், கேட்காமலே திறந்தேன்.

ஐந்தாம் நாள் தெளிந்ததும் அத்தையிடம் கேட்டேன். படித்தவள் கேட்கக்கூடாத கேள்விதான்.

"அத்தே, ரொட்டியாலதான் வந்துச்சா?"

"நானுந்தான் ஒங்கூடத் தின்னேன். எனக்கு என்ன வந்துச்சு?"

பால் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தார். பிறகு, எனக்குச் சொல்வதுபோல் இல்லாமல், சுவருக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "அன்னைக்குத் திரும்பி வந்த ரொட்டியவும் நாங்க ரெண்டு பேருந்தான் மூணு நாளு வச்சுத் தின்னோம். பாதிக்கு மேல நாந்தான் தின்னேன். எனக்கு அப்பவும் ஒண்ணும் வரல."

அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இத்தனை வருஷம் அந்த வீட்டில் மாமாவின் சாவை நினைத்துக் குமைந்துகொண்டிருந்தது நான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உடம்பு தேறி ஊருக்குப் போனேன். வேலை அதிகம், அதுதான் இளைத்துவிட்டேன் என்றேன். அம்மா நம்பினாள்.

அடுத்த வருஷம் திதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கொடிக்காலிலிருந்து வந்த வெற்றிலையை நூறு நூறாக அடுக்கிக் கவுளி கட்டிக்கொண்டே அம்மா கேட்டாள்: "இந்த வருசம் அந்த மஞ்ச ரொட்டியச் சுடலையா?"

நான் அடுக்கிக்கொண்டிருந்த இலையைக் கீழே வைத்தேன்.

"இல்ல, நீயும் தின்ன, மதினியும் தின்னா. ஒரு தும்மல்கூட வரலையே. நான்தான் எங்கண்ணன் பொழப்ப அம்புட்டுப் பேசிட்டேன்." வெற்றிலையை எண்ணிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்.

நான் விரும்பியது கிடைத்துவிட்டது. அது எதன்மேல் நின்றுகொண்டிருக்கிறது என்பது எனக்கும் அத்தைக்கும் மட்டும் தெரியும். உண்மையைச் சொன்னால் மாமா மறுபடியும் தன் ரொட்டியால் செத்தவர் ஆகிவிடுவார். சொல்லாமல் இருந்தால் அம்மா தின்பாள். எனக்கு எது பயமாக இருந்தது என்று இப்போது எழுதும்போதுகூட நேராகச் சொல்ல முடியவில்லை. கொசுவைப் படம் போட்டுக் காட்டுகிற கை இது. அந்த வருஷமும் ஐப்பசி மழை நன்றாகப் பெய்திருந்தது.

சுட்டேன். நன்றாகவே வந்தது, மஞ்சள் கசக்கவில்லை. படையல் முடிந்ததும் அம்மா இலைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, "எங்கண்ணே சுட்டது" என்று சொல்லி ஒரு துண்டை எடுத்தாள். சுட்டது நான். அதை யாரும் திருத்தவில்லை. மெதுவாக மென்றாள். அத்தை என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன். இரண்டு பேரும் அம்மாவின் வாயைப் பார்த்தோம்.

"நல்லாத்தான்டி இருக்கு. இதையா அன்னைக்குத் தெருவே சிரிச்சுச்சு?" என்றாள் அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். "இன்னொண்ணு குடு."

கத்தியை எடுத்தேன். அம்மா பார்க்கவில்லை என்று தெரிந்ததும், கத்தியை ஓரப்பக்கமாக இரண்டு விரல் நகர்த்தி வைத்து, சின்னதாக ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன்.